பிளாஸ்டிக் பூவுக்கு எச்சில் இல்லை

திங்கட்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடம். ஏரிக்கரை ஓரமாகப் பாசஞ்சர் வண்டி ஊதிக்கொண்டு போகும் நேரம் அது. அந்த ஊதலைக் கேட்டுத்தான் செங்கல்பட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் சோற்றுத் தட்டை விட்டு எழுந்திருப்பார்கள். நான் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வலது பின்னல் முடிந்திருந்தது. இடது பின்னல் பாதியில் இருந்தது. அவள் வாயில் ஒரு பிளாஸ்டிக் பூ இருந்தது. அதை அங்கே வைத்தவள் நான்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவளுக்கு ஏழு. பெண்கள் பள்ளியில் சுகாதாரப் பாடம் எடுக்கிறேன். நகம் கடிக்காதே, பென்சிலை வாயில் வைக்காதே, காசைச் சப்பாதே என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டு, வகுப்பையே உரக்கப் படிக்க வைக்கிறவள். இதைச் சொல்லிவிட்டு மேலே எழுதுவதுதான் நியாயம்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் பள்ளிப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். என் மகளும் கூட வந்தாள். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் மணலில், சோழி மாலை விற்கிறவர்களுக்கு நடுவே, ஒருவர் பட்டணத்துப் பிளாஸ்டிக் சாமான்களைச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தார். சீப்பு, சோப்புப் பெட்டி, ஊதல், பின்னலில் செருகும் பூ.

"வாடாதும்மா! தண்ணி தெளிக்க வாணாம். ஒரு வாட்டி வாங்கினா பொண்ணு கண்ணாலத்துக்கும் அதையே வெச்சிக்கலாம்!" என்று அவர் கூவினார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு ஜோடி வாங்கினேன். சுண்டுவிரல் நகத்தின் அகலம், ஐந்து இதழ், அடியில் கடுகுச்செடித் தண்டு போல ஒரு சிறு காம்பு, அதுவும் பிளாஸ்டிக். பளிச்சென்ற நீலம். எந்தச் செடியிலும் அந்த நீலத்தை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பூ விஷயத்தில் கண்டிப்பு அதிகம். கட்டும்போது நாரைப் பல்லால் கடிக்கக் கூடாது. முகர்ந்து பார்த்த பூ சாமிக்கு ஆகாது. வாயருகே போன பூவைத் தலையில்கூட வைப்பதில்லை. எச்சில் பூ என்று முற்றத்தில் போட்டுவிடுவோம். என் மகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலேயே இது தெரியும். ஆகவே, பின்னும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கிறதே என்று முதல் தடவை அந்தப் பூவை அவளிடம் கொடுத்து, "வாயில பிடிச்சுக்கோ" என்று நான் சொன்னபோது, அவள் தயங்கினாள்.

"எச்சிலாயிடாதாம்மா?"

"இது பிளாஸ்டிக்டீ. பிளாஸ்டிக்குக்கு ஏது எச்சில்? கழுவினா போச்சு."

என் வாயில் கொண்டை ஊசி, அவள் வாயில் பூ. மூன்று வாரம் இப்படியே தினமும் நடந்தது. மல்லிகையாக இருந்திருந்தால் அவள் வாய்க்குப் போயிருக்காது. அந்தப் பழைய விதி எதற்காக ஏற்பட்டதோ எனக்குத் தெரியாது. ஆனால் அது அவள் வாயைக் காத்து வந்தது. அதில் விலக்குக் கொடுத்தது படித்த நான்.

வண்டி ஊதியதும் அவள் ரயில் பெட்டிகளை எண்ணுவதற்காகச் சட்டென்று தலையைத் திருப்பினாள். இடது பின்னல் என் கையிலிருந்து நழுவிப் பிரிந்தது. முதலிலிருந்து பின்ன வேண்டும். முதல் மணி அடித்துவிடுவார்கள். நடு மண்டையில் ஒரு குட்டு வைத்தேன். ஓங்கிக் குட்டவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. ஓங்கித்தான் குட்டினேன்.

அழுவதற்கு அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அழுகை வரவில்லை. 'ஹக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இருமல், கண் பிதுங்க, முகம் கறுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள். முதுகில் தட்டினேன். வாய்க்குள் விரல் விட்டேன். எதுவும் தட்டுப்படவில்லை. ஐந்து நிமிடத்தில் இருமல் நின்றுவிட்டது. சாதாரணமாக மூச்சு விட்டாள். கன்னத்தில் கண்ணீர்க் கோடு மட்டும் இருந்தது.

"பூ எங்கேடீ?"

"முழுங்கிட்டேன்."

எல்லோர் வீட்டிலும் செய்வதைச் செய்தேன். கெட்டியாக இரண்டு உருண்டை சோறு, ஒரு வாழைப்பழம். அவள் சமர்த்தாகச் சாப்பிட்டாள். பள்ளிக்கும் போனாள். இடைவேளையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்ததை என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்போதே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. பள்ளி விட்டு வரும் வழியில் அவளிடம் சொன்னேன்: "யாராவது கேட்டா, விளையாடும்போது முழுங்கிட்டேன்னு சொல்லு. குட்டினதைச் சொல்லாதே, என்ன?"

"சரிம்மா" என்றாள். அவள் சொன்ன சொல் தவறாதவள். அதுவே வினையாயிற்று.

என் கணவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. அந்த வாரம் முழுவதும் படாளம் பக்கம் கேம்ப். ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். கடிதம் போடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. 'குழந்தை பூவை விழுங்கிவிட்டாள்' என்று எழுதினால், எப்படி என்று கேட்பாரே.

மூன்று நாள் கொல்லையில் குச்சியை வைத்துக்கொண்டு தேடினேன். பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தைரியம் சொன்னாள்.

"இன்னாத்துக்கு டீச்சர் இப்டி பயப்படறே? எங்க பெரியவன் காலணாவையே முழுங்கினான். மூணாம் நாளு வந்துச்சி. கழுவி எடுத்துகினு போயி ஐஸ் வாங்கித் தின்னுட்டான், படவா!"

மூன்றாம் நாளும் வரவில்லை. வியாழக்கிழமை இருமல் ஆரம்பித்தது. வறட்டு இருமல். சுக்குக் கஷாயம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவள் மாடிப்படி ஏறும்போது மூச்சில் ஒரு மெல்லிய விசில் கேட்டது. அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் இளைஞர், பொறுமையானவர். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். என் மகளின் விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. பூ இல்லை.

"இதுல எலும்பு தெரியும், காசு தெரியும், ஊசி தெரியும். பிளாஸ்டிக் தெரியாதும்மா. வயித்துல போயிருந்தா தானா வெளியில வந்துடும். வந்ததை நீங்க கவனிக்காமகூட இருந்திருக்கலாம். மூச்சுக்குழாய்ல போயிருந்தா விஷயமே வேற. அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாயில இருக்கும்போது அழுதாளா? சிரிச்சாளா? பயந்து மூச்சை இழுத்தாளா? புரை ஏறின மாதிரி இருமினாளா?"

அவர் இவ்வளவு தெளிவாகக் கேட்டார். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லை. விளையாடிட்டு இருந்தா. அப்படியே முழுங்கிட்டா" என்றேன்.

"நீ சொல்லு பாப்பா" என்றார் அவர்.

"விளையாடும்போது முழுங்கிட்டேன்" என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் வந்தாலோ, மூச்சு இரைத்தாலோ உடனே வரவேண்டும் என்றார்.

சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த யோசனை வந்தது. "தொக்கம் எடுத்துடு டீச்சர். மாவலிவரத்துக் குப்பத்துல ஒருத்தி கீறா. சந்தைக்குக் கருவாடு கொண்டாருவாளே, அவதான். கொயந்தைங்க வவுத்துல இன்னா மாட்டிகினு இருந்தாலும் உறிஞ்சி எடுத்துடுவா."

தொக்கம் எடுப்பது என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. சாப்பிட்டது செரிக்காமல், இருமிக்கொண்டோ வாந்தி எடுத்துக்கொண்டோ இருக்கும் குழந்தையின் தொண்டைக் குழியில் ஒரு சிறு குழலை வைத்து உறிஞ்சி, உள்ளே சிக்கியிருந்தது இதுதான் என்று தட்டில் துப்பிக் காட்டுவார்கள். தோலுக்கு வெளியே உறிஞ்சினால் உள்ளே இருப்பது எப்படி வரும் என்று என் வகுப்பிலேயே கேலி செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் வழியாக, பூ வாங்கிய ஊருக்கே அவளை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டதால் திரும்ப அவரிடம் போகக் கூச்சமாக இருந்தது. உண்மையான காரணம் அதுதான்.

கோயிலுக்கு வடக்கே, மணலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்த ஒரு வீடு. தொக்கம் எடுப்பவளுக்கும் என் வயதுதான் இருக்கும். கையில் செதிலோடு வந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி அனுப்பிய டீச்சர் என்று சொல்லிக்கொண்டேன்.

"இன்னா முழுங்கிச்சி?"

"பிளாஸ்டிக் பூ."

"பூவா! அந்தக் காலத்துல கொயந்தைங்க புளியங்கொட்டைய முழுங்கும். இப்ப பாரு, நாகரிகம்! இன்னா கலரு?"

"நீலம். இதோட ஜோடி" என்று, என் மகளின் பின்னலில் மிச்சம் இருந்த மற்றொரு பூவைக் காட்டினேன்.

"தல முடிச்சோட இருக்கக் கூடாது, அவுத்துடு. அந்தப் பூவக் குடு. கை கழுவிகினு வரேன்."

பூவோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பித்தளைக் குழலும் வெண்கலத் தட்டுமாக வந்தாள். என் மகளை மடியில் சாய்த்து, தொண்டைக் குழியில் விளக்கெண்ணெய் தடவி, குழலை வைத்து உறிஞ்சினாள். மூன்றாவது முறை தட்டில் துப்பினாள். வெள்ளையாக ஏதோ கொழகொழப்பு. அதற்கு நடுவில் அரிசி நுனி அளவுக்கு ஒரு நீலச் சில்லு.

"பாத்துக்க. உடஞ்சி கரஞ்சி போய்க்கீது. மீதி தானா போயிடும்."

நான் அழுதுவிட்டேன். என்ன கொடுக்கட்டும் என்று கேட்டதற்கு வெற்றிலை பாக்கு போதும் என்றாள். சில்லை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். ஜோடிப் பூவை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடினாள். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். "டீச்சர், நான் வவுத்துக்குத்தான் பாப்பேன். இது மூச்சு வேற மாதிரி கீது. மாருல காத வெச்சிப் பாத்தேன், ஒரு பக்கம் சத்தமே இல்ல. எதுக்கும் டாக்டராண்ட இட்டுகினு போ."

"ஆகட்டும்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மாலையில் என் கணவர் வந்தார். நடந்ததையெல்லாம் ஒரு வேடிக்கைக் கதை போலச் சொன்னேன். குட்டியதை விட்டுவிட்டு, வாசலில் தொக்கம் எடுத்தவள் சொன்னதையும் விட்டுவிட்டு. காகிதத்தைப் பிரித்துச் சில்லைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"சுகாதார டீச்சர் தொக்கம் எடுத்துக்கிட்டு வந்திருக்கே! உங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மொட்டைக் கடுதாசி போடட்டுமா?" என்று சிரித்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவளும் இருமிக்கொண்டே சிரித்தாள்.

நான் உள்ளே போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். அந்தப் பூவை இனி இந்த வீட்டில் வைக்கக் கூடாது, எறிந்துவிடலாம் என்று கையில் எடுத்தேன். இதழ்கள் நான்கு இருந்தன. ஐந்தாவது இருந்த இடத்தில் புதிதாக ஒடித்த வெளிறிய விளிம்பு. தட்டில் விழுந்த சில்லைக் கொண்டுவந்து அதில் பொருத்திப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

கூடத்தில் இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது வெளியே போய், 'அது பொய். பூ இன்னும் இவள் உள்ளேதான் இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். சொன்னால் டாக்டர். டாக்டர் என்றால் அதே கேள்வி. அதே கேள்வி என்றால் குட்டு. பூவைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் சாக்பீஸ் டப்பாவில் போட்டு மூடினேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவளுக்கு இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள். முழுதாக இரண்டு நாள் நான் வகுப்பு எடுத்தேன், அந்த டப்பாவிலிருந்தே சாக்பீஸ் எடுத்து எழுதினேன்.

புதன்கிழமை விடிந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. வாய் நாற்றம் அடித்தது. மூச்சு விடும்போது வலது பக்க விலா அசையவே இல்லை. இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அதே டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கேட்காமலே நான் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய். நான்தான் பூவை அவ வாயில வெச்சேன். தலையில குட்டினேன். அழ மூச்சை இழுத்தா, அப்பதான் உள்ளே போச்சு. முகம் கறுக்கிற அளவுக்கு இருமினா."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மேஜைக்குப் போய்ப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதிக்கொண்டே, "அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ரயிலில் மகளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது என் கணவர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "குட்டாத அம்மா எந்த ஊர்ல இருக்கா? பயத்துல மறைச்சிட்டே. விடு" என்றார். அந்தச் சமயத்தில் நான் மீதியையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்படிச் சொன்னதாலேயே சொல்ல முடியாமல் போயிற்று.

பட்டணத்தில் அவளை மயக்கத்தில் ஆழ்த்தி, தொண்டை வழியாக விளக்கு வைத்த ஒரு நீளக் குழாயை விட்டு எடுத்தார்கள். மருத்துவர் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். கழுவி வைத்திருந்தார்கள். ஐந்து இதழும் காம்பும் முழுசாக இருந்தன. சாக்கின்மேல் கிடந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, அதே நீலம்.

"வேர்க்கடலை ஊறி உப்பும், காசு படத்துல மாட்டும். இது ரெண்டும் இல்லை. ஊறாது, கரையாது, படத்துல காட்டிக்கொடுக்காது. அது அப்படியே இருக்கும், சுத்தி இருக்கறது சீழ் பிடிக்கும்" என்றார் அவர். வலது நுரையீரலின் அடிப்பகுதி மூடிக்கிடந்தது என்றார். சீழ் வடிய வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கடைசி நான்கைந்து நாளில்தான் அந்த இடம் இவ்வளவு கெட்டிருக்கிறது என்றும் சொன்னார். அந்த நான்கைந்தில் எத்தனை நாள் என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டு நாள் கழித்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பிழைத்துவிட்டாள். இதை எழுதும்போது ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. பனிக்காலத்தில் இருமுகிறாள். தெருக்கோடி வரை ஓடினால் நின்றுவிடுகிறாள். கயிறு தாண்டுவதில்லை, மற்றவர்கள் தாண்டும்போது எண்ணிக்கை சொல்கிறாள். தலை பின்னும்போது அசையாமல் உட்காருகிறாள். நான் சீப்பை எடுக்கக் கையைத் தூக்கினால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். அந்தப் பூவைப் பற்றி அவள் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். குப்பியில் பூ முழுசாக இருந்ததே, அப்படியானால் அன்று தட்டில் விழுந்த சில்லு ஏது? "அவ வீட்டுல ஏதாவது நீலத் துண்டு கிடந்திருக்கும்" என்றேன். "திருட்டுப் பொம்பளை, கையில கிடைச்சா விடமாட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் கருவாட்டு வாடை அடித்தது. தலையில் கூடையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் விஷயம் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. என் கணவர் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

"நீதானா அது? ஒரு குழந்தை உயிரோட விளையாடினியே, உனக்கு வெக்கமா இல்லே?"

"கீது சாமி. அது இல்லாமலா இம்மாந்தொலவு வந்தேன்?" கூடையை இறக்கி வைத்தாள். "வவுறு உப்பிப்போன கொயந்தைங்க வரும். எதனா ஒண்ணு தட்டுல காட்டுனாத்தான் ஆத்தாக்காரிக்கு மனசு ஆறும், கொயந்தையும் தெம்பா துண்ணும். அந்தப் பயக்கத்துல பண்ணிட்டேன். தப்புதான். ஆனா மூச்சு சரியில்ல, டாக்டராண்ட போன்னு வாசல்லயே சொன்னேன், கேட்டுப் பாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். என் மகள் உள்ளிருந்து வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் குனிந்து, அவள் மார்பில் காதை வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. கோபம் இல்லாத குரலில், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டுமே, என்னைக் கேட்டாள்.

"அவசரத்துல அந்தப் பூவுலேர்ந்தே ஒரு இதழ ஒடிச்சிட்டேன். ஒன் கையில குடுத்தப்புறம்தான் பக்குனு ஆச்சி. சரி, படிச்ச பொம்பள, வூட்டுக்குப் போனதும் பாத்துடும், என்ன நாலு திட்டு திட்டிகினே டாக்டராண்ட ஓடும்னு மனச தேத்திகினேன். நீ அன்னிக்கே பாத்திருப்பியே டீச்சர். ஏன் ஓடல?"